பாஸ்பேட் கனிமமா? படத்தைப் பார்த்து உறுதி செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக்கில், கேமரன் மலைக்கு ஏறும் வழியில் இருக்கிறது எங்கள் தாப்பா. ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், இன்னொரு பக்கம் தண்ணீர் நிறைந்து கிடக்கும் பழைய ஈயலம்பக் (வெள்ளீயச் சுரங்கக்) குட்டைகள். தோட்டத்து லயத்தில் பிறந்து, உர ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உரத்தில் பாஸ்பேட் (பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டு) எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. பாஸ்பேட் கனிமங்களைச் சேர்க்கும் ஆசையும் அதிலிருந்து வந்ததுதான். கல்லைப் படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பி, "அண்ணே, இது அரிய வகையா?" என்று கேட்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

படத்தை மட்டும் பார்த்து ஒரு பாஸ்பேட் கனிமத்தின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியுமா?

சில சமயம் முடியும். பெரும்பாலும் முடியாது. நிறம், வடிவம், மினுமினுப்பு, கூடவே ஒட்டியிருக்கும் மற்ற கற்கள் எல்லாம் படத்தில் தெரியும். கனம் தெரியாது, கடினம் தெரியாது, உள்ளே என்ன தனிமம் என்றும் தெரியாது. ஒரு பாஸ்பேட்டை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் இந்தத் தெரியாத மூன்றுதான்.

அபடைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட்டுகளிலேயே மிகச் சாதாரணமானது அது. நம் பல்லிலும் எலும்பிலும் இருப்பது அதே குடும்பத்துப் பொருள். 1786-இல் ஜெர்மானிய அறிஞர் ஆபிரகாம் வெர்னர் அதற்குப் பெயர் வைத்தபோது, ஏமாற்றுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். அதுவரை அதை வேறு வேறு கற்களாக எண்ணிக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். கல்லைக் கையில் வைத்திருந்தவர்களே அப்படிக் குழம்பினார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. படிகத்துக்குள் பாஸ்பரஸ் உட்காரும் இடத்தில் ஆர்செனிக்கோ வனேடியமோ உட்கார்ந்துகொள்ளலாம். வெளி உருவம் பெரிதாக மாறாது. பைரோமார்பைட் என்பது காரீயத்தின் பாஸ்பேட். (நம் ஊரில் ஈயம் என்றால் வெள்ளீயம்தான் நினைவுக்கு வரும். இது காரீயம், பேட்டரியில் இருப்பது.) மிமெடைட் அதே காரீயத்தின் ஆர்செனேட், அதாவது பாஸ்பரஸ் இடத்தில் ஆர்செனிக் உட்கார்ந்தது. இரண்டுமே ஆறு பக்கம் கொண்ட குட்டைப் பீப்பாய் மாதிரி வளரும். இரண்டிலும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் உண்டு. ஒரே கல்லில் இரண்டும் கலந்தும் இருக்கும். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இவற்றைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. முடியும் என்கிறவரிடம் எப்படி என்று கேளுங்கள்.

படத்திலிருந்து கிடைப்பது ஒரு சின்னப் பட்டியல். "இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம்" என்று சொல்ல முடிந்தால், அந்தப் படம் அதன் வேலையைச் செய்துவிட்டது.

நீங்கள் தவறாகப் பெயர் சொன்னது உண்டா, ஐயா?

உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், அறிவியல் அறைக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த கல்லைப் படம் எடுத்து அனுப்பினார். வெளிர்பச்சை நிறம், உருண்டை உருண்டையாக இருந்தது. உடைந்த இடத்தில் விசிறி விரித்த மாதிரி கதிர்கள். ஒரே ஒரு படம்தான். பார்த்த மறுநிமிடம் "வேவலைட்" என்று பதில் அனுப்பினேன். வேவலைட் நீர் சேர்ந்த அலுமினிய பாஸ்பேட். அமெரிக்காவின் ஆர்க்கன்சாவில் கிடைக்கும் பச்சை உருண்டைகள் பெயர் பெற்றவை, படத்தில் இருந்ததும் அப்படியே இருந்தது. டீச்சர் அழகான கையெழுத்தில் அட்டை எழுதிக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து விளையாட்டுப் போட்டி நாளில் பள்ளிக்குப் போனபோது அந்தக் கல்லைக் கையில் எடுத்தேன். அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத ஓரத்தில், கத்தி முனையால் கீறினேன். கல்லில் கீறல் விழவில்லை. கத்தியின் இரும்புதான் தேய்ந்து சாம்பல் கோடாக ஒட்டியது. பத்து வரை போகும் மோஸ் கடின அளவில் வேவலைட்டின் கடினம் 3.5 முதல் 4 வரைதான். கத்தி அதைச் சுலபமாகக் கீறிவிடும். கல்லைக் கொடுத்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், மும்பைப் பக்கம் வாங்கியது என்றார். அங்கே பசால்ட் பாறைக் குவாரிகளில் பிரெனைட் என்ற சிலிக்கேட் (சிலிக்கன் சேர்ந்தது, பாஸ்பேட் அல்ல) இதே பச்சையில், இதே உருண்டை வடிவில் கிடைக்கும். அதன் கடினம் 6-க்கு மேல். எங்கே வாங்கியது என்று முதல் நாளே கேட்டிருந்தால், அந்தப் பதிலை அனுப்பியிருக்க மாட்டேன்.

டீச்சரிடம் அன்றைக்கே சொன்னேன், அட்டையும் மாறியது. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அட்டையைப் படித்துவிட்டு ஆறாம் ஆண்டு முடித்துப் போன பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல முடியவில்லை. அது இன்றும் மனத்தை உறுத்துகிறது. கீழே இருக்கும் பதில்களில் நான் கொஞ்சம் கறாராக இருப்பதாகத் தோன்றினால், காரணம் இதுதான்.

படம் எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்?

கல்லைக் கழுவிக் காயவையுங்கள். உப்பு மாதிரி இருந்தால் மட்டும் தண்ணீர் காட்ட வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. பிறகு ஐந்தடி வெளியே வந்து, வெயில் நேராகப் படாத நிழலில், வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். காலை பத்து மணி வாக்கில் வாசல் திண்ணை வெளிச்சம் போதும். வீட்டுக் குழல் விளக்கு வேண்டாம், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கைப்பேசி கேமரா தானாகவே நிறத்தைத் தூக்கிக் காட்டும், விளிம்பைக் கூர்மையாக்கும். அதைத் தடுக்க முடியாவிட்டாலும், வெள்ளைத் தாள் படத்தில் இருந்தால் நிறம் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பார்க்கிறவருக்குப் புரியும். பின்னணியில் வாழையிலையோ சிவப்புத் துணியோ வைத்தால் அந்த நிறம் படிகத்திலும் ஏறிவிடும்.

அளவுக்குப் பக்கத்தில் ஒரு காசு வையுங்கள். 2012-இல் வந்த வரிசையில் 20 சென் காசின் குறுக்களவு 20.6 மி.மீ., 10 சென் காசு 18.8 மி.மீ. ரூலர் இருந்தால் இன்னும் நல்லது. விரலால் பிடித்து எடுத்தால், அது யார் விரல், குழந்தையா பெரியவரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

குறைந்தது நான்கு படங்கள் வேண்டும். கல் முழுவதும் ஒன்று. படிகம் நெருக்கமாக ஒன்று. உடைந்த பக்கம் ஒன்று. அதை எல்லோரும் அசிங்கம் என்று ஒளிக்கிறார்கள், எனக்கு அதுதான் அதிகம் பேசும். நான்காவது, படிகம் எந்தப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்தத் தாய்ப்பாறை. பழைய அட்டையோ சீட்டோ கூட இருந்தால் அதையும் படமெடுங்கள், எழுத்து மங்கியிருந்தாலும் சரி. கல்லை மெதுவாகத் திருப்பிப் பத்து விநாடி வீடியோ எடுத்தால் இன்னும் உதவும். கண்ணாடி மினுமினுப்பா, மெழுகு மினுமினுப்பா, பட்டு மினுமினுப்பா என்பது அசையும்போதுதான் தெரியும். கேமராவில் மாட்டும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி மலிவாகவே கிடைக்கிறது. ஒரு மி.மீ.க்குக் கீழே இருக்கும் படிகத்துக்கு அது இல்லாமல் அனுப்ப வேண்டாம்.

புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

எதற்கெடுத்தாலும் "எங்கே கிடைத்தது" என்று கேட்கிறீர்களே, அது அவ்வளவு முக்கியமா?

படத்தை விட முக்கியம் என்றே சொல்வேன். பாஸ்பேட்டுகள் கண்ட இடத்தில் விளைவதில்லை. பெக்மடைட் என்ற பருமணிப் பாறையில் ஒரு கூட்டம் வரும்: லித்தியம், மாங்கனீசு, இரும்புப் பாஸ்பேட்டுகள். காரீயச் சுரங்கத்தின் மேல்மட்டத்தில் ஒரு கூட்டம், பைரோமார்பைட் அங்கேதான். வௌவால் எச்சம் சேர்ந்த குகையில் இன்னொரு கூட்டம். இடம் தெரிந்தால் நூறு பெயர் பத்தாகக் குறையும். அங்கே என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று மைண்டாட் கனிமத் தரவுத்தளத்தில் யாரும் பார்க்கலாம், காசு கேட்கமாட்டார்கள்.

பதிவில் இல்லாதது அங்கே இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. இருந்தால் அதற்கு ஆதாரமும் அந்த அளவுக்குப் பலமாக வேண்டும். "பிரேசில்" என்று மட்டும் அட்டையில் இருந்தால் அது இடமே அல்ல. இந்தியாவை விடப் பெரிய நாடு அது. சுரங்கத்தின் பெயர் வரைக்கும் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஈயக்குட்டை ஓரத்து மணலில் பழுப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கும் மணிகள் இருக்கின்றன. படம் அனுப்பினால் சொல்வீர்களா?

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்விதான் உண்மையில் பக்கத்தில் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஈயம் அலசி எடுத்தபின் மிஞ்சும் கனமான மணலுக்கு அமாங் என்று பெயர். துலாங் தட்டில் மணல் அலசிய கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தட்டின் அடியில் கடைசியாக நிற்கும் கறுப்பு மணலை அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட். அதற்குள் மோனசைட், செனோடைம் என்ற இரண்டு அரிய மண் பாஸ்பேட்டுகள் உண்டு. மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் இவற்றோடு தோரியமும் இருக்கும். செனோடைம் இட்ரியம் பாஸ்பேட். இவற்றோடு சிர்க்கானும் கிடக்கும், அது சிலிக்கேட்.

மோனசைட் பெரும்பாலும் தேன் நிறத்தில், உருண்டு தேய்ந்த மணிகளாக இருக்கும். அதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு, அதைப் படத்திலேயே காட்டலாம். அதே மணிகளை ஒருமுறை வெயில் வெளிச்சத்திலும், ஒருமுறை குழல் விளக்கின் கீழேயும் படமெடுங்கள். வெளியே மஞ்சள் பழுப்பாகத் தெரிந்தது, சில வகை விளக்கின் கீழே பச்சை சாயலாகத் தெரியும். நியோடிமியம் மஞ்சள் ஒளியை விழுங்குவதால் வரும் மாற்றம் அது. விளக்கு வேண்டாம் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதற்கு இது ஒன்றுதான் விலக்கு. இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும்; எது எந்த விளக்கு என்று எழுதவும் வேண்டும்.

செனோடைமும் சிர்க்கானும்தான் கஷ்டம். இரண்டும் நாற்கோண அமைப்பு, இரண்டும் கூம்பு முனை கொண்ட குட்டைத் தூண்கள். படத்தில் அண்ணன் தம்பி. அமாங் ஆலைகளில் காந்தத்தால்தான் பிரிப்பார்கள்: இல்மனைட் முதலில் ஒட்டும், பிறகு செனோடைம், அதைவிடப் பலவீனமாக மோனசைட், சிர்க்கான் ஒட்டவே ஒட்டாது. வீட்டில் பலமான நியோடிமியம் காந்தத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மணலுக்கு மேலே நகர்த்திப் பார்த்து, எது எழுந்து வருகிறது என்று எனக்கு எழுதினால், பத்துப் படத்துக்குச் சமம்.

செனோடைம் என்ற பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. சுவீடனின் பெரிய வேதியியல் அறிஞர் பெர்சீலியஸ், ஒரு கனிமத்தில் புதுத் தனிமம் கண்டுவிட்டதாக முதலில் அறிவித்தார். அது இட்ரியம் பாஸ்பேட்தான் என்று பிறகு அவரே கண்டுகொண்டார். 1832-இல் பிரான்சின் பெயூடாந்த் அந்தக் கனிமத்துக்கு, 'வீண் பெருமை' என்று பொருள் தரும்படி கிரேக்கத்தில் கெனோடைம் என்று பெயர் வைக்க நினைத்தார். எழுத்து மாறி, 'அந்நியன்' என்ற பொருள் வரும்படி செனோடைம் ஆகிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்த மனிதருக்கே அந்தக் கனிமம் அப்படிப் போக்குக் காட்டியிருக்கிறது.

மோனசைட் நமக்கு இன்னொரு வகையிலும் உறவு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் கடற்கரை மணலில் அது இருக்கிறது. கயிற்றில் ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போன மணலைப் பார்த்துத்தான் 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அங்கே மோனசைட் இருப்பதைக் கண்டார்.

அது கதிர்வீச்சு உள்ளதாமே? வீட்டில் வைக்கலாமா?

மோனசைட்டில் தோரியம் இருப்பதால் கதிர்வீச்சு உண்டு. டார்பர்னைட், ஆட்டுனைட் போன்ற யுரேனியம் பாஸ்பேட்டுகளிலும் உண்டு. ஓரிரு மணிகளை மூடிய புட்டியில் வைப்பது வேறு, வாளி வாளியாக மணலை அள்ளி வந்து கட்டிலுக்கு அடியில் வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். இடிக்காதீர்கள், அரைக்காதீர்கள், தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், தொட்டபின் கை கழுவுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அமாங் பதப்படுத்தும் வேலை 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வருகிறது. விற்பது வாங்குவது பற்றி யாராவது ஆசை காட்டினால் விலகி வந்துவிடுங்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில், மோனசைட்டிலிருந்து அரிய மண் பிரித்த ஆலையின் கழிவு பற்றி ஊர்மக்கள் 1985-இல் நீதிமன்றம் போனதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் கதை தெரிந்தவர்கள் இந்தப் பதிலை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

கறுப்பு விளக்கு (புற ஊதா விளக்கு) அடித்தால் பச்சையாக ஒளிர்கிறது. அப்படியென்றால் ஆட்டுனைட்தானே?

அப்படி முடிவு கட்ட முடியாது. ஆட்டுனைட் மஞ்சள் பச்சையாகப் பிரகாசமாக ஒளிரும் என்பது சரி. ஆனால் மஞ்சள் பச்சையாக ஒளிர்பவை வேறு பலவும் உண்டு. எங்கள் பக்கத்துச் செண்டெரியாங்கில் முதலில் கிடைத்து, மலாயாவின் பெயரையே தாங்கியிருக்கும் மலாயைட்டும் குறுகிய அலை புற ஊதா ஒளியில் அப்படித்தான் ஒளிரும். அதில் பாஸ்பேட் கிடையாது, கால்சியமும் வெள்ளீயமும் சேர்ந்த சிலிக்கேட். இருட்டில் ஒளிரும் படம் அனுப்புகிறவர்கள், அதே கல்லின் பகல் படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். எந்த அலைநீள விளக்கு என்றும் எழுதுங்கள்.

தோட்டத்து உர மூட்டையில் கட்டியாக ஒரு கல் வந்தது. பாஸ்பேட் என்றுதானே மூட்டையில் எழுதியிருக்கிறது?

பாஸ்பேட்தான், சந்தேகமில்லை. நம் தோட்டங்களில் போடும் பாறைப் பாஸ்பேட்டில் பெயர் பெற்றது, ஜாவாவுக்குத் தெற்கே இருக்கும் கிறிஸ்மஸ் தீவிலிருந்து வருவது. அதில் அபடைட் இருக்கும், அலுமினியம் சேர்ந்த பாஸ்பேட்டுகளும் இருக்கும். எல்லாம் கண்ணுக்குப் படிகமே தெரியாத மண்கட்டி. அரிய மாதிரியாக ஆகாது. ஆனாலும் ஒரு கட்டியை நான் அலமாரியில் வைத்திருக்கிறேன். நாற்பது வருஷம் என் குடும்பத்துக்குச் சோறு போட்ட கல் அது.

இணையத்தில் பெரிய பச்சைப் படிகக் கொத்து வாங்கினேன். "அரிய பாஸ்பேட்" என்று விற்றார்கள். படம் பார்த்துச் சொல்லுங்கள், அண்ணே.

இந்த மாதிரிப் படம் எனக்கு அடிக்கடி வருகிறது. கண்ணாடி போலத் தெளிவான நீண்ட தூண்கள், எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஒரே பச்சை அல்லது ஒரே நீலம், அடியில் கட்டியான ஒரு பாறைத் துண்டு. பார்த்ததும் எனக்கு ஒரு உர மூட்டைதான் ஞாபகம் வரும். மோனோ அம்மோனியம் பாஸ்பேட், எங்கள் கூடத்தில் தினமும் கையாண்ட பொருள். சுடுநீரில் கரைத்துச் சாயம் சேர்த்து ஆறவிட்டால், சில நாளில் அழகான படிகங்கள் வளரும். சிறுவர்களுக்கான படிகம் வளர்க்கும் பெட்டிகளிலும் இதுதான் பெரும்பாலும் இருக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. இயற்கைப் படிகம் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "பாஸ்பேட்" என்று விற்றவர் பொய் சொல்லவில்லை. வேதியியல் சோதனை செய்தாலும் பாஸ்பேட் என்றுதான் வரும். பொய் இருப்பது "இயற்கை" என்ற சொல்லில். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஐந்து நிமிடம் கழித்து விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாகி, முனை மழுங்கினால் விடை கிடைத்துவிட்டது. உப்பு மாதிரி இருப்பதைக் கழுவாதீர்கள் என்றது இதற்காகத்தான். கழுவிய பிறகு திருப்பிக் கொடுக்கப் பொருள் இருக்காது.

பாஸ்போபிலைட் மலிவாக வருகிறதே, வாங்கலாமா?

இளைஞர்கள் அதிகம் கேட்கும் பெயர் இது. துத்தநாகமும் இரும்பும் சேர்ந்த பாஸ்பேட், நீலப்பச்சை. பொலிவியாவின் பொத்தோசியில் கிடைத்த படிகங்கள்தான் எல்லோரும் ஆசைப்படுவது. கடினம் 3 முதல் 3.5, சுலபமாகப் பிளந்துவிடும், பெரிய படிகம் அபூர்வம். மலிவாக, பெரிதாக, கீறலே இல்லாமல் வந்தால் நான் வாங்கமாட்டேன்.

இரவுச் சந்தையில் வாங்கிய மோதிரக் கல் டர்க்குவாய்ஸ்தானா?

டர்க்குவாய்ஸ் செம்பும் அலுமினியமும் சேர்ந்த பாஸ்பேட். சந்தைக்கு வருவதில் நிறைய, வெள்ளை மேக்னசைட்டுக்கோ ஹவுலைட்டுக்கோ நீலச் சாயம் ஏற்றியவை. படத்தில் நான் பார்ப்பது ஒன்றுதான்: கறுப்புக் கோடுகளுக்குள்ளும் துளை போட்ட இடத்திலும் நீலம் திட்டாகத் தேங்கியிருக்கிறதா என்று. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு அடியில் தேய்த்து, பஞ்சு நீலமானால் சாயம். ஆகாவிட்டால் டர்க்குவாய்ஸ் என்று அர்த்தமில்லை. நல்ல சாயம் என்றும் இருக்கலாம்.

செவ்வந்திக் கல்லுக்குள் தங்க ஊசிகள், "காகோக்செனைட்" என்று அட்டை. சரியா?

கடைகளில் அந்தப் பெயரில் வருவதில் பெரும்பாலானவை கோதைட், இரும்பு ஆக்சைடு வகை. காகோக்செனைட் உண்மையில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்த அரிய பாஸ்பேட். பெயர் அழகாக இருப்பதால் ஒட்டிக்கொண்டது, ஒட்டிய பிறகு கழற்ற முடியவில்லை.

மீன் டின்னில் கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தது. ஒருவர் அதுவும் பாஸ்பேட் என்கிறார். உண்மையா? அக்கா வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள்.

உண்மையாக இருக்கலாம். மீனில் இருக்கும் மெக்னீசியம், அம்மோனியா, பாஸ்பேட் சேர்ந்து ஸ்ட்ருவைட் என்ற படிகம் டின்னுக்குள் வளர்வதுண்டு. சிறுநீரகக் கல்லில் ஒரு வகையும் இதுவே. 1845-இல் ஹம்பர்க் நகரத்தில் மண்ணுக்குள் கண்டெடுத்து விவரித்தார்கள். படத்தில் கண்ணாடியும் ஸ்ட்ருவைட்டும் ஒன்றுதான், அதனால் படம் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். வெதுவெதுப்பான வினிகரில் போட்டு வையுங்கள். கரைந்தால் ஸ்ட்ருவைட், கெடுதல் இல்லை. கரையாவிட்டால் கண்ணாடி என்றே வைத்துக்கொண்டு, மீனைச் சாப்பிடாமல் டின்னோடு புகார் கொடுங்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன் எடுத்த படத்தில் வெளிர்பச்சை, இப்போது கிட்டத்தட்டக் கறுப்பு. கல்லை மாற்றிவிட்டார்களா?

விவியனைட்டாக இருந்தால் யாரும் மாற்றவில்லை. அது இரும்புப் பாஸ்பேட். புதிதாக எடுக்கும்போது நிறமில்லாமலோ வெளிர்பச்சையாகவோ இருக்கும். வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து நீலமாகி, கருநீலமாகிவிடும். இருட்டுப் பெட்டியில் வையுங்கள். படத்தோடு, எடுத்த தேதியையும் எழுதி வையுங்கள்.

கைப்பேசிச் செயலியில் காட்டினேன், 94 விழுக்காடு உறுதி என்று பெயர் சொல்லிவிட்டது. அது போதாதா?

போதாது. செயலி உங்கள் படத்தை மற்ற படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்த விழுக்காடு படத்துக்கும் படத்துக்கும் உள்ள ஒற்றுமை. கல்லைத் தூக்கிப் பார்த்த கை அதற்கு இல்லை. அது கற்றுக்கொண்ட படங்களில், நான் டீச்சருக்கு எழுதிக் கொடுத்த மாதிரித் தவறான அட்டைகளும் இருந்திருக்கும். உலகத்தில் 6,000-க்கும் மேற்பட்ட கனிம வகைகள் இருக்கின்றன. அவற்றில் அரிய பாஸ்பேட்டுகளுக்கு நல்ல படமே சொற்பம். செயலி சொன்ன பெயரைத் தேடத் தொடங்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை என்ன?

கத்தி, காந்தம், தராசு. கத்தி பற்றியும் காந்தம் பற்றியும் சொல்லிவிட்டேன். தராசுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

0.1 கிராம் வரை காட்டும் சமையல் தராசு வேண்டும். முதலில் கல்லை எடை போடுங்கள். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைச் சுழியாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்க, அடியையும் சுவரையும் தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரை விடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. கல் 23.1 கிராம், தண்ணீரில் 4.8 கிராம் காட்டினால், 4.8 என்று விடை வரும். டர்க்குவாய்ஸ் 2.6 முதல் 2.8, அபடைட் 3.2 பக்கம், பைரோமார்பைட் 7-ஐ நெருங்கும். பச்சையாக இருப்பது பைரோமார்பைட்டா அபடைட்டா என்று தெரிய இது ஒன்றே போதும். தாய்ப்பாறையோடு ஒட்டிய கல்லுக்கு இது உதவாது, பாறையின் எடையும் சேர்ந்துவிடும். கடுகளவு மணிக்கும் உதவாது.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்தது மோலிப்டேட் சோதனை. நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அம்மோனியம் மோலிப்டேட் சேர்த்து, லேசாகச் சூடு காட்டினால், பாஸ்பேட் இருந்தால் மஞ்சள் வண்டலாக இறங்கும். ஆர்செனேட்டும் இதே மஞ்சளைத் தரும், ஆனால் அதிகச் சூடு வேண்டும். சமையலறையில் அமிலத்தோடு விளையாட வேண்டாம். பள்ளி வேதியியல் ஆசிரியர் யாரையாவது கேளுங்கள்.

கடைசியில் உறுதி செய்வது எந்தச் சோதனை?

கனிமத்தைப் பொறுத்தது. மூன்று கருவிகளின் பெயர் காதில் விழும்.

இடிஎஸ், மின்னணு நுண்ணோக்கியோடு வருவது. என்ன தனிமங்கள் என்று சொல்லும். பைரோமார்பைட்டா மிமெடைட்டா என்றால் பாஸ்பரஸ், ஆர்செனிக் எது அதிகம் என்று பார்த்துவிடலாம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பாஸ்பரஸின் கோடு 2.01 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும், சிர்க்கோனியத்தின் ஒரு கோடு 2.04-இல் வரும். கருவிக்கு இரண்டும் ஒட்டித் தெரியும். மென்பொருள் சிர்க்கானைப் பார்த்து "பாஸ்பரஸ்" என்று பெயர் போட்டுவிடக்கூடும். செனோடைமா சிர்க்கானா என்ற நம் கேள்விக்கு நேராக இங்கேதான் அடி விழுகிறது. ஆகவே அறிக்கையில் பெயர் மட்டும் பார்க்காதீர்கள், சிலிக்கனின் 1.74 கோடு இருக்கிறதா, இட்ரியத்தின் 1.92 கோடு இருக்கிறதா என்று வரைபடத்தையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ராமன் நிறமாலை. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-இல் கண்ட விளைவுதான், 1930-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. கல்லை உடைக்க வேண்டியதில்லை, லேசர் ஒளி பட்டால் போதும். பாஸ்பேட்டும் ஆர்செனேட்டும் வெவ்வேறு இடத்தில் உச்சம் காட்டும்: அலை எண் கணக்கில் அபடைட்டுக்குச் சுமார் 960, மிமெடைட்டுக்கு 810 பக்கம்.

எக்ஸ்ஆர்டி, படிகத்தின் உள் அமைப்பைப் பார்ப்பது. இது இல்லாமல் முடியாத இடங்கள் உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் ஹாகன்டார்ஃப் என்ற இடத்துப் பெக்மடைட்டிலிருந்து லாவைட், சூடோலாவைட், ஸ்டூவர்டைட் என்ற மூன்று பழுப்பு மஞ்சள் பாஸ்பேட்டுகள் வருகின்றன. மூன்றிலும் அதே மாங்கனீசு, அதே இரும்பு, அதே பாஸ்பேட், அதே அளவு நீர். தனிமம் எண்ணும் கருவிக்கு மூன்றும் ஒன்றே. அணுக்கள் அடுக்கியிருக்கும் முறைதான் வேறு. லாவைட் என்ற பெயர், படிகத்தில் எக்ஸ் கதிர் சிதறுவதை 1912-இல் காட்டிய மாக்ஸ் ஃபான் லாவ் நினைவாக வைத்தது. அந்தக் கல்லை உறுதி செய்ய அவர் திறந்த வழியில்தான் போக வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இங்கே யாரிடம் போவது?

ஈப்போவில் கனிமப் புவி அறிவியல் துறையின் புவியியல் காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போய் உண்மையான மாதிரிகளைக் கண்ணால் பாருங்கள். நூறு படம் பார்ப்பதை விட ஒரு மணி நேரம் அங்கே நிற்பது மேல். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பாறை, கனிமம் படிக்கும் புவியியல் (ஜியாலஜி) பிரிவுகள் உண்டு. போகும் முன் மேலே சொன்ன படங்கள், இடம், ஒப்படர்த்தி எல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். வேலை செய்து வந்தவரென்று தெரிந்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

அட்டையில் என்ன எழுதுவது?

பெயர், கிடைத்த இடம், யாரிடமிருந்து, எந்தத் தேதி. இந்த நான்கும் எல்லோரும் எழுதுவார்கள். ஐந்தாவதாக, எப்படித் தெரியும் என்று ஒரு வரி எழுதுங்கள். "படம் பார்த்து", "கத்தியும் எடையும்", "ராமன்", "எக்ஸ்ஆர்டி" என்று ஏதாவது ஒன்று. பழைய அட்டையைத் தூக்கி எறியாதீர்கள், தவறாக இருந்தாலும் பின்னால் வையுங்கள். பெயர் எப்படி மாறியது என்பதும் அந்தக் கல்லின் வரலாறு.

அந்தப் பள்ளியில் இப்போது இருக்கும் அட்டை இப்படி: "பிரெனைட். மும்பைப் பக்கம் என்று சொல்லப்படுகிறது. கத்தி கீறவில்லை. முன்பு வேவலைட் என்று தவறாக எழுதப்பட்டது." நான்காவது வரியையும் எழுதச் சொன்னது நான்தான்.

பெயர் கடைசிவரை தெரியாமலே போனால்?

பெயர் இல்லாமலே வையுங்கள். என் அலமாரியின் மூன்றாம் தட்டில், செண்டெரியாங் ஆற்று மணலிலிருந்து அப்பா எடுத்துத் தந்த ஒரு பழுப்பு மணி இருக்கிறது, அரிசியை விடச் சின்னது. காந்தத்துக்கு லேசாக அசைகிறது, அசையவில்லை என்றும் சில நாள் தோன்றுகிறது. அட்டையில் "செனோடைம் அல்லது சிர்க்கான், சோதிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.